பேர் கேட்கும் ஊர்

அக்டோபர் 9, திங்கள்
நாமக்கல்

இன்றைக்கும் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டினோம், போலீஸ் ஸ்டேஷனில் ஒன்று கொடுத்தோம். அங்கிருந்த ஏட்டு சீலனின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "லவ் மேட்டராம்மா?" என்று கேட்டான். "இல்ல தம்பி, லவ் மேட்டரா இருந்தா பொண்ணு வீட்டுக்காரங்களும் தேடிட்டு வந்திருப்பாங்கல்ல" என்றேன். நோட்டீஸை வாங்கி மேஜையில் போட்டான்.

விருதுநகருக்கும் ஓசூருக்கும் ஒரே ரோடு. போன மார்கழியில் என் மகன் ஜெயசீலன் ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, "பொங்கலுக்கு வாரேம்மா, இனி நம்ம ஊர்லயேதான்" என்று போனில் சொன்னான். அதற்கப்புறம் போன் இல்லை, ஆளும் இல்லை. நடுவில் ஏதோ ஓர் ஊரில் இறங்கியிருக்கிறான். வேலையை விட்டுவிட்டு வருகிறோமே என்ற வெட்கமாக இருக்கும். அங்கேயே ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். ஊர் ஊராக நின்று தேடினால் கிடைக்காமலா போய்விடுவான்? ஓசூர் வரைக்கும் இல்லையென்றால் பெங்களூர், அங்கேயும் இல்லையென்றால் அதற்கு மேலே. ரோடு இருக்கிறவரைக்கும் நான் ஓட்டுவேன். இவருக்குத்தான் வீட்டுக்குப் போக வேண்டுமாம். "ஓசூரோட நிறுத்திக்கிருவோம் கனி" என்று தினம் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார்.

மத்தியானம் ஹோட்டலில் பெரிய சண்டை. சாம்பாரில் கத்தரிக்காய். நான் கிண்ணத்தோடு திருப்பி அனுப்பினேன். இவர் என்னடாவென்றால் துண்டு துண்டாக எடுத்துச் சோற்றில் பிசைந்து தின்கிறார்! எங்கள் வீட்டில் கத்தரிக்காய் ஏறி எத்தனையோ வருஷமாகிறது. சீலனுக்கு ஆகாது. சின்ன வயதில் ஒரு துண்டு தின்றுவிட்டு உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றோடு சரி. அவனுக்கு ஆகாதது எங்களுக்கும் ஆகாது என்று வைத்துக்கொண்டோம். "அவன் வாரதுக்குள்ள கத்தரிக்காய் திங்க ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் தவமணி இலையை மூடிவிட்டு எழுந்தார். மனுஷன் மனதுக்குள் ஏற்கெனவே எதையோ முடித்துவிட்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒழுங்காகச் சாப்பிடுகிறானோ என்னவோ. அவன் இடுப்பில் எந்த பெல்ட்டும் நிற்காது. ஓசூருக்குக் கிளம்பும்போது வாங்கிய பெல்ட்டுக்கு நான்தான் கேஸ் அடுப்பில் ஆணியைக் காய்ச்சி இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது ஓட்டை கோணலாக, ஓரத்துக்குப் போய்விட்டது. "கடையில குடுத்திருக்கலாம்லம்மா" என்று சிரித்தான்.

அக்டோபர் 10, செவ்வாய்
ஒட்டப்பாறை

தர்மபுரி தாண்டி மலை இறக்கம். எங்கள் டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்கத்துக்கும் ஒரு பிரேக் உண்டு, சொல்லிக் கொடுக்கிறவர் மிதிக்க. அந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு இவர் இறக்கம் முழுக்க மிதித்துக்கொண்டே வந்தார். நூற்றுக்கணக்கான பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவள் நான், என்னை நம்பாமல் மிதிக்கிறார்! "இறங்கி நடந்து வாங்க" என்று கத்தினேன்.

இறக்கத்தின் அடியில் இந்த ஊர். டீக்கடையில் இரண்டு டீ கேட்டேன். கடைக்காரர் பால் சட்டியைத் தொடவில்லை. "பேரு என்னங்கம்மா?"

"எதுக்கு?"

"பேரும் ஊரும் சொல்லுங்க. டீ வந்துரும்."

ரேஷன் கார்டு கேட்காமல் விட்டாரே! சொன்னேன். உடனே உள்ளே திரும்பி, "விருதுநகர் ராஜகனி, தவமணி!" என்று சத்தமாகச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எங்கள் பேரைத் திருப்பிச் சொன்னார்கள். அப்புறம்தான் டீ வந்தது. லாட்ஜில் இதே கதை. தண்ணீர் பாட்டில் வாங்கப் போனால் அங்கேயும் இதே கதை. இவ்வளவு பேர் கேட்கிற ஊரில் சீலன் இருந்தால் அவன் பேரும் தெரிந்திருக்கும் என்று கேட்டேன். ஜெயசீலன் என்று யாரும் வரவில்லையாம். டீக்கடைக்காரர் பேர் முனிரத்தினம். நானும் கேட்டேன், விடுவேனா?

சாயங்காலம் நான் துணி துவைத்தேன். இவர் நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு பிள்ளையார் கோவில் தெருவில் ஒட்டப் போனார். பாதிக் கட்டோடு திரும்பி வந்துவிட்டார். உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு பேசமாட்டேன் என்கிறார்.

அக்டோபர் 11, புதன்

காய்ச்சல் இறங்கவில்லை. இங்கே இருக்கிற டாக்டர் ஊசி போட்டு, இரண்டு நாள் கார் பயணம் வேண்டாம் என்றார். நேற்று என்ன தின்றார், மழையில் நனைந்தாரா என்று கேட்டால், "ஒண்ணுமில்ல கனி, வீட்டுக்குப் போயிருவோம்" என்கிறார். காய்ச்சலிலும் அதே பாட்டு.

கஞ்சி வாங்கப் போனபோதுதான் கவனித்தேன். பல வீடுகளில் வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி, ஆணியில் ஏதோ ஒரு சாமான். ஒரு வீட்டில் கண்ணாடி உடைந்த ஹெல்மெட். ஒரு வீட்டில் ஒற்றைச் செருப்பு. அடுத்த வீட்டில் பெண்பிள்ளை போடும் சடை மாட்டி, அதற்கு ஒரு முழம் மல்லிகை. திருஷ்டிக்குப் பூசணிக்காய் கட்டுவார்கள், இதென்ன கர்மம் என்று முனிரத்தினத்திடம் கேட்டேன்.

"திருஷ்டி இல்லைங்கம்மா. வழிப்பிள்ளைங்க" என்றார்.

மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரி, தூங்கி வழிந்துகொண்டு வரும் கார். இந்த வளைவில் விழாத மாதம் கிடையாதாம். "யாருன்னு தெரிஞ்சா சொந்தக்காரங்க வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஒண்ணுமே தெரியாம கெடக்குறவங்களும் இருக்காங்கல்ல? ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்துட்டு, யாரும் வரலைன்னா எங்ககிட்டதான் குடுப்பாங்க. நாங்கதான் புதைப்போம். புதைச்சிட்டாப் போதுங்களா? அமாவாசைக்கு அவங்களுக்கு இலை போடுறது யாரு? அதனால ஒரு வீடு ஒருத்தரை எடுத்துக்கும். ஒரு பேர் வச்சுக்கும். போட்டிருந்ததுல ஒண்ணை வாசல்ல மாட்டிவைக்கும். என்னைக்காவது அவங்க ஆளுங்க இந்த வழியா வந்தா, பாத்ததும் தெரியட்டும்னு."

அவர் வீட்டிலும் ஒருவர் உண்டாம். வழித்தாத்தா. ஆணியில் மூக்குக்கண்ணாடி.

"ஆளுங்க வந்தா?"

"உண்மையான பேரைச் சொல்லி வாங்கிட்டுப் போயிரலாம். அப்புறம் நாங்க இலை போட மாட்டோம். ஒருத்தருக்கு ரெண்டு வீட்டு இலை கூடாதுங்க." டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "அதான் வர்றவங்ககிட்ட எல்லாம் பேரைக் கேட்டு வச்சுக்குறோம். பேர் தெரியாம போனவங்க போதும்மா."

நல்ல மனுஷர்கள்தான். ஆனால் ஊரா இது? வாசலுக்கு வாசல் சாவை மாட்டிவைத்துக்கொண்டு! என் மகன் உயிரோடு இருக்கிறான், எனக்கு இங்கே பார்க்க ஒன்றும் இல்லை. இவருக்குக் காய்ச்சல் விட்டதும் கிளம்ப வேண்டியதுதான்.

அக்டோபர் 12, வியாழன்

மீதி நோட்டீஸை நானே ஒட்டலாம் என்று பிள்ளையார் கோவில் தெருவுக்குப் போனேன். இவர் ஒட்டியது தெரு முனையிலிருந்து வரிசையாக வந்து, பச்சை நிற வீடு ஒன்றுக்கு முந்தின சுவரோடு நின்றுவிட்டது. காய்ச்சல் அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

பச்சை வீட்டில் ஆணி உண்டு. ஆணியில் ஒரு பெல்ட். பழுப்பு பெல்ட். ஊரில் பாதிப்பேர் பழுப்பு பெல்ட்தான் கட்டுகிறார்கள்.

வீட்டுக்காரி பேர் மாதம்மாள். இட்லி மாவு அரைத்து விற்கிறாள். என் வயதுதான் இருக்கும், புருஷன் இல்லை, பிள்ளை பிறக்கவில்லை. பேர், ஊர் எல்லாம் கேட்டுவிட்டு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"லட்சணமா இருக்காப்ல. பாத்ததில்லக்கா."

"வாசல்ல இருக்கிறது யாரோடது?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"எங்க மணிவேலுக்கா. பொங்கல் சமயத்துல பனியில நடந்து வந்துட்டு இருந்திருக்கான். என்ன வண்டின்னே தெரியல, அடிச்சிட்டுப் போயிருச்சு. போனு, பையி ஒண்ணும் கெடைக்கல. சின்னப் பையந்தான். மூஞ்சி அடையாளமே தெரியலக்கா. காலு மட்டும் அப்படியே இருந்துச்சு. விரலெல்லாம் நீளநீளமா."

சீலனுக்கும் கால்விரல் நீளம்தான். எங்கள் அப்பாவுக்கும் நீளம். நிறையப் பேருக்கு நீளம். பெல்ட்டில் ஓட்டை யார் வேண்டுமானாலும் போடலாம். எல்லா வீட்டிலும் ஆணி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கை கோணலாகப் போகிற அம்மாவும் இருப்பாள்.

சனிக்கிழமை அமாவாசைக்கு மணிவேலுக்கு இலை போடுகிறாளாம், என்னையும் இவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். "என் கையால எண்ணெய்க் கத்தரிக்காய் சாப்பிட்டுப் பாருங்க. எங்க மணிவேலுக்கு எப்பவும் அதுதான் வைப்பேன். பையன் பசியில போயிருப்பான்ல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

மணிவேலாம்! பெற்றவள் ஒருத்தி எங்கேயோ இருப்பாள் என்ற நினைப்பே இல்லாமல் 'எங்க மணிவேல், எங்க மணிவேல்' என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தண்ணீர்ச் சொம்பை நங்கென்று வைத்துவிட்டு வந்தேன். யாரோ பெற்ற பிள்ளைக்கு இவள் எப்படிப் பேர் வைக்கலாம்? யார் கொடுத்தது அந்த உரிமை?

ஒரு நோட்டீஸும் ஒட்டவில்லை. கட்டு அப்படியே இருக்கிறது. இந்த ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் இன்னும் போகவில்லை. இவருக்குக் காய்ச்சல், இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அக்டோபர் 13, வெள்ளி

காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் இன்றைக்குக் கிளம்பவில்லை. பின்டயரில் காற்று குறைவாக இருந்தது, பிடித்தேன். கண்ணாடி துடைத்தேன். ஆயில் பார்த்தேன். மறுபடியும் கண்ணாடி துடைத்தேன்.

இவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "கிளம்பலாமா கனி?"

"நாளைக்கு ஒரு வீட்டுல சாப்பிடக் கூப்பிட்டிருக்காங்க. முடிச்சிட்டுப் போவோம்."

"எந்த வீடு?"

"பிள்ளையார் கோயில் தெருவுல."

எதற்கு, யார் கூப்பிட்டது என்று மேற்கொண்டு கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் நூறு கேள்வி கேட்கிற மனுஷர், "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 14, சனி
அமாவாசை

எழுத வேண்டும். எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

மத்தியானம் இவரோடு போனேன். வழியெல்லாம் வாசலில் கோலம், ஆணிகளுக்குப் புதுப்பூ. மாதம்மாள் வீட்டில் பெல்ட்டுக்கும் சாமந்தி கட்டியிருந்தாள். இவர் வாசலில் நின்றார். பெல்ட்டைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு செருப்பைக் கழற்றினார். கழற்ற வெகுநேரம் ஆயிற்று.

உள்ளே பலகை போட்டு, அதன் முன்னால் தலைவாழை இலை. முனிரத்தினமும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் நின்றார்கள். மாதம்மாள் குளித்து ஈரத்தலையோடு பரிமாறினாள். சோறு, பருப்பு, வாழைக்காய் வறுவல், வடை, பாயசம். கடைசியில் ஒரு சட்டி. மூடியைத் திறந்ததும் எண்ணெயும் மசாலாவுமாக வாசம் தூக்கியது. முழுசு முழுசாகக் கத்தரிக்காய். கரண்டியில் எடுத்து, "சாப்பிடுடா மணிவேலு" என்று சொல்லி இலையில் வைத்தாள். ஒன்று, இன்னொன்று. பெற்ற பிள்ளைக்கு வைப்பது போல இலை நிறைய வைத்தாள்.

நான் பேசாமல் நின்றிருக்கலாம். கும்பிட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு ஓசூர் போயிருக்கலாம். பெங்களூர் போயிருக்கலாம். அவனும் எங்கேயோ ஓர் ஊரில் இருந்துகொண்டே இருந்திருப்பான். அதற்குத்தான் இரண்டு நாளாக நெஞ்சைக் கல்லாக்கிவைத்திருந்தேன். ஆனால் அந்தக் கத்தரிக்காயை இலையில் பார்த்ததும் எனக்கு அவன் உதடு வீங்கிக் கிடந்ததுதான் கண்ணில் வந்தது. மூச்சு இழுத்ததுதான் வந்தது.

"எடு! அதை எடு!" என்று கத்திவிட்டேன். மாதம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றாள். நான் கீழே உட்கார்ந்து இலையிலிருந்த கத்தரிக்காயை இரண்டு கையாலும் அள்ளினேன். சூடு. "அவனுக்கு ஆகாதும்மா. சின்னதிலருந்தே ஆகாது. மூச்சு முட்டும் அவனுக்கு. இத்தனை நாளா இதையா வச்சுக்கிட்டு இருந்த? பட்டினியா கெடந்திருப்பானே என் பிள்ளை!"

மாதம்மாள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "பேரு என்னக்கா?" என்று கேட்டாள்.

எத்தனை ஊரில், எத்தனை ஸ்டேஷனில் சொன்ன பேர். இன்றைக்கு வாயில் வரமாட்டேன் என்றது. பின்னாலிருந்து இவர்தான் சொன்னார். "ஜெயசீலன்."

முனிரத்தினம் வாசல் பக்கம் திரும்பி, "விருதுநகர் ஜெயசீலன்!" என்று சத்தமாகச் சொன்னார். தெருவில் நின்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அடுத்த வீட்டிலிருந்தும் சொன்னார்கள். அந்தச் சத்தம் தெரு முனை வரைக்கும் போனது. நான் அதுவரைக்கும் அழவில்லை, அப்போதுதான் அழுதேன்.

"உங்களுக்குத் தெரியும்ல?" என்று இவரைக் கேட்டேன்.

"நோட்டீஸ் ஒட்ட வந்தன்னைக்கே பாத்துட்டேன் கனி. அந்தக் கோண ஓட்டையை. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சொன்னா நீ செத்துருவன்னு நெனச்சேன்."

செத்துத்தான் போனேன். அவரைப் பிடித்து அடித்தேன், எல்லோர் முன்னாலும். வாங்கிக்கொண்டு நின்றார்.

அக்டோபர் 15, ஞாயிறு

ஸ்டேஷனில் பொங்கல் சமயத்துப் படங்களை எடுத்துக் காட்டினார்கள். இவர் பார்க்க வேண்டாம் என்று தடுத்தார். நான் பார்த்தேன். கால் இருந்த படம் ஒன்றே போதும். ரத்தம் எடுத்து டெஸ்ட் செய்ய வேண்டுமாம், இரண்டு பேரும் கொடுத்தோம். முடிவு வரட்டும், வராமல் போகட்டும். எனக்கு வந்துவிட்டது.

ஊருக்கு வெளியே புதைத்த இடம். வரிசையாக மேடு, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கல். சீலனுடைய மேட்டில் புல் பிடுங்கிச் சுத்தமாக இருந்தது. மாதம்மாள் வாராவாரம் வருவாளாம். நான் வாராவாரம் திண்டுக்கல், கரூர், நாமக்கல் என்று அலைந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் மாதம்மாள் ஊர் வழக்கப்படி பெல்ட்டைக் கழற்றி இவர் கையில் கொடுத்தாள். வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு, "இனி நான் யாருக்குக்கா ஆக்கிப்போடுவேன்?" என்றாள். வியாழக்கிழமை இருந்த ஆத்திரம் எனக்கு இல்லை. அவள் மேல் பொறாமை மட்டும் இன்னும் இருக்கிறது. கடைசியாக அவனைக் குளிப்பாட்டியது அவள் கைதானே.

காரில் நோட்டீஸ் கட்டு கிடந்தது. ஒன்றை எடுத்து, மேலே பெரிதாக இருந்த 'காணவில்லை'யைக் கிழித்துப் போட்டேன். கீழே இருந்த போன் நம்பரையும் கிழித்தேன். மிஞ்சியது முகம் மட்டும். "இலை எங்க வீட்டுல போட்டுக்கிறேன். இது உன் வாசல்ல இருக்கட்டும்" என்று கொடுத்தேன்.

"இதுதானா?" என்று அந்த முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். முதல் தடவை பார்க்கிறவள் போலத்தான் பார்த்தாள்.

கிளம்பினோம். வடக்கே ஓசூர் போகும் ரோடு, தெற்கே வீடு. கியர் போடாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் தெற்கே திருப்பினேன். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் இவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 20, வெள்ளி
விருதுநகர்

மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினேன். கடைக்காரி, "என்னக்கா அதிசயமா?" என்று கேட்டாள். கூட்டு வைத்தேன். தட்டில் பார்த்ததும் இவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் சாப்பிட்டேன்.